மாடல் ரயில் எஞ்சினுக்கு உதிரிபாகம் நாமே செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தயாரிப்பாளர் கைவிட்டுவிட்ட, கடையில் எங்கு தேடினாலும் கிடைக்காத ஒரு சிறிய பாகத்துக்காக நல்ல எஞ்சின் ஒன்று அலமாரியில் முடங்கிக் கிடப்பது மாடல் ரயில் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த வேதனை. கியர், கைப்பிடிக் கம்பி, கப்ளர் (வண்டிகளை இணைக்கும் கொக்கி), சட்டகம் என எதுவாக இருந்தாலும், அளவெடுத்துச் செய்துகொள்ள வழி உண்டு. தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

பாகம் உடைந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஏன் உடைந்தது என்று பாருங்கள். அளவெடுப்பது அதற்கு அப்புறம்தான்.

கீழே விழுந்து உடைந்த படிக்கட்டு வேறு, ஓடி ஓடிக் களைத்து உடைந்த கியர் வேறு. முதலாவதை அதே வடிவத்தில் செய்தால் போதும். இரண்டாவதை அதே வடிவத்தில், அதே இறுக்கத்தில் செய்தால் அதே இடத்தில் மறுபடி உடையும். உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். திருகு நுழையும் துளையிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தால் திருகு பெரிது, அல்லது துளையைச் சுற்றிச் சுவர் மெலிது. உட்பக்க மூலை ஒன்றில் தொடங்கியிருந்தால், அந்த மூலை கூராக இருந்ததுதான் காரணம். புதிய பாகத்தில் 0.3 மி.மீ. ஆரத்துக்கு வளைத்துவிட்டாலே வலு கூடும்.

இன்னொன்று. உடைந்த பாகத்தை மட்டும் நம்பி அளவெடுக்காதீர்கள். அது வளைந்திருக்கும், தேய்ந்திருக்கும், சுருங்கியும் இருக்கலாம். அது உட்காரும் பள்ளம், அதைத் தொடும் ஆக்ஸில் (சக்கர அச்சு), அதைப் பிடிக்கும் திருகு, இவை பெரும்பாலும் பழுதில்லாமல் இருக்கும். சரியான அளவு அங்கேதான் இருக்கிறது.

எஞ்சின் ஓடும்போது ‘டக், டக்’ என்று சீராகத் தட்டுகிறது. எந்தப் பாகம் போயிருக்கும்?

தட்டு எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை வருகிறது என்று பாருங்கள். அதுவே பாதி விடை.

ஹெச்ஓ (HO) என்ற மாடல் அளவில் எல்லாம் உண்மையான ரயிலில் 87-ல் ஒரு பங்கு, அதாவது 1:87. அமெரிக்க டீசல் எஞ்சின்கள் பலவற்றின் சக்கர விட்டம் 40 அங்குலம். ஹெச்ஓவில் அது சுமார் 11.7 மி.மீ. அந்தச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 37 மி.மீ. நகரும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்து எஞ்சினை மெதுவாக ஓட்டுங்கள். 37 மி.மீ.க்கு ஒரு தட்டு என்றால் ஆக்ஸிலில் இருக்கும் கியர் பிளந்திருக்கிறது. அதைவிட மிக வேகமாக, மோட்டார் சுழலும் தாளத்தில் தட்டினால் வார்ம் கியரையோ (மோட்டாரோடு சுழலும் திருகு வடிவக் கியர்) மோட்டார் தண்டையோ பாருங்கள்.

பிளந்த கியரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், நடுத்துளையிலிருந்து இரண்டு பற்களுக்கு இடையிலான பள்ளம் வரை மயிரிழை போல ஒரு கோடு தெரியும். விரிசல் திறந்துகொள்வதால் அந்த இரண்டு பற்களுக்கு நடுவே மட்டும் இடைவெளி கூடிவிடுகிறது. எதிர் கியரின் பல் அங்கே வரும்போது சரியாக உட்காராமல் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்றம்தான் நமக்குக் கேட்கும் தட்டு.

பிளந்த கியரை ஒட்டிப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். இந்தக் கியர்கள் பெரும்பாலும் அசிட்டால் அல்லது நைலான். டெல்ரின் என்று நாம் சொல்வது அசிட்டாலின் ஒரு வணிகப் பெயர். சாதாரணப் பசை எதுவும் அதில் உறுதியாகப் பிடிக்காது. அப்படியே பிடித்தாலும் துளையை விரித்த இறுக்கம் உள்ளே இருந்துகொண்டே இருக்கும்.

கியரின் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

இது கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம், ஏனென்றால் தவறுகளில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது.

கியரின் பல் அளவைச் சொல்லும் எண் ‘மாட்யூல்’. வெளிவிட்டத்தை, பற்களின் எண்ணிக்கையோடு 2 கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் மாட்யூல் வரும். 14 பல், வெளிவிட்டம் 6.4 மி.மீ. என்றால் 6.4-ஐ 16-ஆல் வகுக்க 0.4. மாடல் எஞ்சின்களில் 0.3, 0.4, 0.5 எல்லாம் சாதாரணமாக வரும் அளவுகள்.

ஆனால் அங்குல முறையில் வடிவமைத்த எஞ்சின்களில் ‘டயமெட்ரல் பிட்ச்’ (விட்டத்தின் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல்) கணக்கு இருக்கும். 64 பிட்ச் என்பது மாட்யூலில் 0.397. அதே 14 பல் கியர் 64 பிட்சில் 6.35 மி.மீ., அதாவது மிகச்சரியாகக் கால் அங்குலம். 6.4-க்கும் 6.35-க்கும் உள்ள வித்தியாசம் 0.05 மி.மீ.தான். தேய்ந்த கியரில், அவசரமாகப் பிடித்த காலிப்பரில், இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். அதனால் ஒரு கியரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. பற்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் ஒரு பல்லுக்கு நேர் எதிரே பல் இருக்காது, பள்ளம்தான் இருக்கும். காலிப்பர் உண்மையான விட்டத்தைவிடக் குறைவாகக் காட்டும். 13 பல் கியரில் சுமார் 1.5% குறையும். அடுத்தது, 17-க்கும் குறைவான பற்கள் உள்ள கியர்களில் பல்லின் அடிப்பகுதி மெலிந்துவிடாமல் இருக்கப் பல்லைக் கொஞ்சம் வெளியே தள்ளி வடிவமைப்பது வழக்கம். அப்போது வெளிவிட்டம் சூத்திரம் சொல்வதைவிடப் பெரிதாக இருக்கும்.

சரி, எதை நம்புவது? ஆக்ஸில்களின் மைய இடைவெளியை. இரண்டு கியர்களின் பற்களையும் கூட்டி, மாட்யூலால் பெருக்கி, 2-ஆல் வகுத்தால் மைய இடைவெளி வர வேண்டும். 14 பல்லும் 20 பல்லும் 0.4 மாட்யூலில் இணைந்தால் 6.8 மி.மீ. கியர் பெட்டியில் அதே இடைவெளி இருந்தால் கணக்கு சரி. அது உலோகச் சட்டகத்தில் துளைத்த அளவு. பிளாஸ்டிக் பல்லைப் போலத் தேயாது.

பல்லின் சாய்வுக் கோணமும் ஒத்துப்போக வேண்டும். இப்போது பொதுவாக 20 டிகிரி, பழையவற்றில் 14.5 டிகிரி. இரண்டையும் கலந்தால் கியர் சுற்றும், ஆனால் இரைச்சலோடு சுற்றித் தேய்ந்துபோகும். வார்ம் கியர் என்றால் வார்மையும் அதன் சக்கரத்தையும் ஜோடியாக மாற்றுவதுதான் நல்லது.

கியரை 3டி பிரிண்ட் செய்யலாமா?

0.4 மாட்யூல் பல்லின் முழு உயரம் 0.9 மி.மீ., நடுத் தடிமன் சுமார் 0.63 மி.மீ. இழை உருக்கிப் பிரிண்ட் செய்யும் சாதாரண இயந்திரத்தின் நாசில் துளையே 0.4 மி.மீ. அதில் பல் வராது, பல் போன்ற ஏதோ ஒன்றுதான் வரும். ரெசின் பிரிண்டரில் வடிவம் அழகாக வரும், ஆனால் சாதாரண ரெசின் நொறுங்கும் தன்மை கொண்டது. அளவு சரிபார்க்க ரெசின் கியர் மிகவும் உதவும். ஓட்டிப் பார்த்து, மைய இடைவெளி பொருந்துகிறதா என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் உண்மையான பொருளில் செய்யுங்கள்.

எஞ்சினில் நிரந்தரமாக இருக்க வேண்டிய கியருக்கு என் தேர்வு வரிசை இது: அதே மாட்யூலில் ஆயத்தமாகக் கிடைக்கும் அசிட்டால் கியரை வாங்கித் துளையை மட்டும் மாற்றுவது, அது கிடைக்காவிட்டால் பித்தளையிலோ அசிட்டாலிலோ வெட்டித் தரச் சொல்வது, அதுவும் முடியாவிட்டால் லேசரால் நைலான் தூளை இளக்கிச் செய்யும் முறையில் பிரிண்ட் செய்து தரச் சொல்வது. நைலான் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் ஊதும் என்பதை நினைவில் வையுங்கள்.

புதிய கியரும் மறுபடி பிளக்காமல் இருக்க என்ன வழி?

இறுக்கத்தைக் குறையுங்கள். பிளாஸ்டிக் கியரைப் பிளப்பது பெரும்பாலும் ஓட்டம் அல்ல, ஆக்ஸில்தான். சிறிய துளைக்குள் பெரிய தண்டைத் திணித்தால், எஞ்சின் பெட்டிக்குள் தூங்கும்போதும் கியர் இழுபட்டுக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் அந்த இழுவை சேர்ந்து ஒருநாள் வாய் பிளக்கிறது. 2 மி.மீ. ஆக்ஸில் என்றால் துளை அதைவிட 0.02 மி.மீ. சிறிதாக இருந்தால் எனக்குப் போதும். டிரில் பிட்டோடு நிறுத்தாமல் ரீமரால் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) துளையை முடியுங்கள். ஆக்ஸிலில் பிடிமானத்துக்காக வெட்டிய சொரசொரப்புக் கூராக இருந்தால், மெல்லிய அரத்தால் அதன் முனையை மழுக்கிவிடுங்கள்.

தண்டைப் பிடித்து நிறுத்தும் காற்றில்லா நிலையில் இறுகும் பசைகளை உலோகத்திலும் அசிட்டாலிலும் அளவாகப் பயன்படுத்தலாம். அது ஏபிஎஸ் பிளாஸ்டிக் உடலிலோ பாலிகார்பனேட் ஜன்னலிலோ பட்டால் அங்கே விரிசல் விழும். குண்டூசி முனையளவு எடுத்தால் போதும். எண்ணெயும் அப்படித்தான்: பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பானது என்று குறிப்பிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

சிறிய, வளைந்த பாகங்களைக் காலிப்பரால் அளக்க முடியவில்லையே?

மேசை ஸ்கேனரைப் பயன்படுத்துங்கள். பாகத்தையும் பக்கத்தில் ஓர் உலோக அளவுகோலையும் கண்ணாடியில் வைத்து 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். ஒரு மி.மீ.க்கு சுமார் 47 புள்ளிகள் கிடைக்கும், அதாவது ஒரு புள்ளி 0.02 மி.மீ. அளவு. அளவுகோலை ஒருமுறை குறுக்காகவும் ஒருமுறை நெடுக்காகவும் வைத்து ஸ்கேன் செய்தால், இரண்டு திசைகளிலும் படம் ஒரே அளவில் வருகிறதா என்று தெரிந்துவிடும். அந்தப் படத்தை வரைகலை மென்பொருளில் பின்னணியாக வைத்து மேலே கோடு இழுக்கலாம். கைபேசிக் கேமரா இதற்குச் சரிவராது. ஓரங்கள் வளைந்து தெரியும்.

உண்மையான எஞ்சினின் வரைபடம் கிடைத்திருக்கிறது. அதை அப்படியே 87-ஆல் வகுத்துவிடலாமா?

வெளித்தோற்றத்துக்கு வகுக்கலாம், தடிமனுக்கு முடியாது. 6 மி.மீ. இரும்புத் தகடு ஹெச்ஓவில் 0.07 மி.மீ. ஆகும். எந்தப் பிரிண்டரிலும் அது நிற்காது. முன்னாலிருந்து தெரியும் அகலத்தையும் உயரத்தையும் உண்மையான அளவில் வைத்து, கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில் தடிமனைக் கூட்டுங்கள். கைப்பிடிக் கம்பிகளைப் பிரிண்ட் செய்யவே வேண்டாம். 25 மி.மீ. கம்பி ஹெச்ஓவில் 0.29 மி.மீ.; 0.3 மி.மீ. பித்தளைக் கம்பி அதற்கென்றே செய்ததுபோலப் பொருந்தும், கை பட்டாலும் உடையாது.

ஹெச்ஓவுக்கு வரைந்த கோப்பை ‘என்’ (N) என்ற சிறிய மாடல் அளவுக்குச் சுருக்க நினைப்பவர்கள் கவனிக்க: 1:160-க்கு 54% ஆகச் சுருங்கும்போது 0.8 மி.மீ. சுவர் 0.43 மி.மீ. ஆகிவிடும். தவிர ‘என்’ அளவு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பிரிட்டனில் 1:148, ஜப்பானில் பெரும்பாலும் 1:150. தண்டவாள இடைவெளி மட்டும் மூன்றுக்கும் 9 மி.மீ. ஓஓ (OO) என்ற இன்னொரு மாடல் அளவும் ஹெச்ஓவும் இதே கதைதான்: இரண்டும் 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும், ஆனால் ஓஓ 1:76. சக்கரம் பொருந்துகிறது என்பதற்காக உடல் பாகம் பொருந்தாது.

ரெசின் பிரிண்டில் என்ன கவனிக்க வேண்டும்?

துளைகள் வரைந்ததைவிடச் சிறிதாகவே வரும். அதனால் முதலில் 0.5 முதல் 2 மி.மீ. வரை வரிசையாகத் துளைகள் உள்ள ஒரு சின்னத் தகட்டைப் பிரிண்ட் செய்து, எந்தத் துளை எந்த அளவில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரெசின் மாறினால் இதை மறுபடி செய்ய வேண்டும்.

நீண்ட தட்டையான பாகத்தைப் படுக்கவைக்காமல் சாய்த்து நிறுத்துங்கள். தாங்குகால்கள் ஒட்டும் பக்கம், எஞ்சினில் மறைந்திருக்கும் பக்கமாக இருக்கட்டும். கழுவிய பிறகு நன்றாக உலரவிட்டு, அப்புறம் புறஊதா ஒளியில் இறுக்குங்கள். ஈரத்தோடு இறுக்கினால் வெண்படலம் படியும். அளவுக்கு மீறி இறுக்கினால் மெல்லிய பாகம் கண்ணாடி மாதிரி நொறுங்கும்.

இறுகாத ரெசின் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்துவிட்டால் போகாமலும் இருக்கலாம். நைட்ரைல் கையுறை, திறந்த ஜன்னல், இரண்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரே பாகம் பல தேவை. வார்த்தெடுக்கலாமா?

தாராளமாக. நல்ல மூலப்பாகம் ஒன்றைச் செய்து, அதைச் சுற்றிச் சிலிகான் ஊற்றி மோல்டு எடுத்து, பாலியூரித்தேன் ரெசினில் வார்க்கலாம். ஒரு முக்கியமான எச்சரிக்கை: பிளாட்டினம் வகைச் சிலிகானை ரெசின் பிரிண்டின் மேல் நேரடியாக ஊற்றினால், தொட்ட இடமெல்லாம் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். பிரிண்டில் மிச்சமிருக்கும் ரசாயனம் அது இறுகுவதைத் தடுக்கிறது. கந்தகம் கலந்த களிமண்ணும் இதையே செய்யும். டின் வகைச் சிலிகானில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அந்த மோல்டு கொஞ்சம் சுருங்கும், ஆயுளும் குறைவு.

உலோகத்தில் வேண்டுமென்றால், மெழுகு மாதிரி எரிந்துபோகும் ரெசினில் பிரிண்ட் எடுத்து நகை வார்ப்பவர்களிடம் பித்தளையில் வார்க்கச் சொல்லலாம். உலோகம் குளிரும்போது சுருங்கும். எத்தனை சதவீதம் பெரிதாக வரைய வேண்டும் என்று வார்ப்பவரையே கேளுங்கள். அவரவர் முறைக்கு ஏற்ப அது மாறும்.

கிரில், ஏணி, நடைபாதைத் தகடு போன்ற மெல்லியவற்றுக்கு எது நல்லது?

அமிலத்தால் அரித்தெடுக்கும் தகடு. பித்தளை அல்லது நிக்கல் சில்வர், 0.2 முதல் 0.4 மி.மீ. வரை. துளையின் விட்டம் தகட்டின் தடிமனைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மடிக்க வேண்டிய கோட்டைப் பாதி ஆழத்துக்கு அரித்துவிட்டால், அந்தக் கோடு மடிப்பின் உட்பக்கம் வரும்படி வளைக்கலாம். சால்டரிங் நிறைய இருந்தால் நிக்கல் சில்வர் வசதி. வெப்பம் பித்தளையைவிட மெதுவாகப் பரவுவதால், பக்கத்தில் ஏற்கெனவே பற்றவைத்தது கழன்று வராது.

நீராவி எஞ்சினின் சக்கரங்களை மாற்றினேன். இப்போது நொண்டி நொண்டி ஓடுகிறது.

நீராவி எஞ்சினில் இடப்பக்க கிராங்க் பின்னும் (சக்கரத்தில் கம்பி மாட்டும் முளை) வலப்பக்க கிராங்க் பின்னும் 90 டிகிரி விலகி நிற்கும். மாடலில் அந்தக் கோணம் 88 ஆக இருந்தாலும் 91 ஆக இருந்தாலும் ஓடும். ஆனால் எல்லா ஆக்ஸில்களிலும் அது ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் 90, அடுத்ததில் 93 என்றால் சைடு ராட் (சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் பக்கக் கம்பி) ஒவ்வொரு சுற்றிலும் இறுகிப் பிடிக்கும். கண் மதிப்பில் செய்யாதீர்கள். சக்கரங்களைக் கோணம் மாறாமல் அழுத்தும் ஜிக் ஒன்று வாங்குங்கள், அல்லது பிரிண்ட் செய்துகொள்ளுங்கள். கருவி செய்யப் பிரிண்டர் மிக நல்ல துணை. அதன் பிறகும் பிடித்தால், சைடு ராட் துளைகளின் மைய இடைவெளி ஆக்ஸில் இடைவெளியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். துளையை அகலமாக்கித் தப்பிக்கலாம்தான், ஆனால் எஞ்சின் தளர்ந்து ஆடும்.

எந்த எஞ்சினாக இருந்தாலும், சக்கரம் மாற்றினால் இரு சக்கரங்களின் உட்பக்க இடைவெளியை அளந்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் 1935-ல் தொடங்கிய தேசிய மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ விற்கும் உலோக அளவுத்தகட்டில் வைத்துப் பார்த்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடும். கிளைப்பாதையில் தடம்புரளும் எஞ்சின்களுக்கு இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பழைய மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்யலாமா, புதிது போடலாமா?

பழைய திறந்த மோட்டார்களில் அல்னிகோ காந்தம் இருக்கும். நடுவிலுள்ள சுழலியை வெளியே எடுத்தால் அந்தக் காந்தம் வலு இழக்கும். கார்பன் பிரஷ்ஷை மாற்றுங்கள், கழிவைத் துடையுங்கள், சுழலியைத் தொடாதீர்கள்.

புது மோட்டார் போடுவதென்றால் நீங்கள் செய்ய வேண்டிய பாகம் அதைத் தாங்கும் தொட்டில். அதைப் பிரிண்ட் செய்யலாம். பாரம் அதிகம் இல்லை. மோட்டார் தண்டும் வார்ம் தண்டும் ஒரே நேர்கோட்டில் வரும்படி உயரத்தைக் கணக்கிடுங்கள். டிசிசி (டிஜிட்டல் முறையில் எஞ்சினைக் கட்டுப்படுத்துவது) டிகோடர் போடப் போகிறீர்கள் என்றால் மோட்டாரின் இரு முனைகளும் சட்டகத்தில் எங்கும் படக்கூடாது. பிரிண்ட் செய்த தொட்டில் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அந்த வேலை தானாகவே முடிந்துவிடுகிறது.

திருகு பாதி வரை போய் இறுகிக்கொள்கிறது.

கழற்றிவிடுங்கள், பலவந்தம் வேண்டாம். எம்2 திருகும் அமெரிக்க 2-56 திருகும் கண்ணுக்கு ஒன்று மாதிரியே தெரியும். எம்2-வின் விட்டம் 2 மி.மீ., மரை இடைவெளி 0.4 மி.மீ. 2-56-இன் விட்டம் 2.18 மி.மீ., மரை இடைவெளி 0.45 மி.மீ. பழைய பிரிட்டிஷ் எஞ்சினில் 8பிஏ இருக்கலாம், அது 2.2 மி.மீ., மரை இடைவெளி 0.43 மி.மீ. எஞ்சின் எந்த நாட்டில் வடிவமைத்தது என்று தெரிந்தால் எந்தத் திருகு என்று ஊகிப்பது எளிது.

உலோகச் சட்டகம் தானாகவே ஊதி, விரிசல் விட்டிருக்கிறது. காப்பாற்ற முடியுமா?

அந்தச் சட்டகத்தைக் காப்பாற்ற முடியாது. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால், உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு பரவி அது உள்ளிருந்தே விரியும். ஈரமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். இதைத் தவிர்க்கத்தான் நியூ ஜெர்சி சிங்க் நிறுவனம் 1929-ல் 99.99% தூய துத்தநாகத்தை வைத்து சமாக் என்ற கலவையை உருவாக்கியது. மாசு கலந்த வார்ப்புகள் அதன் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தன. தொற்றுநோய்போல இது பக்கத்து எஞ்சினுக்குப் பரவாது, பயப்பட வேண்டாம்.

உடனே செய்ய வேண்டியது, சட்டகம் இன்னும் ஊதி உடலையும் பிளப்பதற்கு முன் மற்ற எல்லாவற்றையும் கழற்றிப் பத்திரப்படுத்துவது. புதுச் சட்டகத்துக்கு அளவெடுக்கும்போது பழையதை நம்பாதீர்கள், அது நீண்டிருக்கும். உடலின் உட்பக்கத்தையும், சைடு ராட் இருந்தால் அதன் துளை இடைவெளியையும் வைத்து வரையுங்கள்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது எடையையும் பாருங்கள். துத்தநாகக் கலவையின் அடர்த்தி சுமார் 6.7, பித்தளை 8.5, அலுமினியம் 2.7, பிரிண்ட் ரெசின் 1.2-க்குள். ரெசினில் சட்டகம் செய்தால் இழுவிசை போய்விடும். டங்ஸ்டன் துண்டுகள் வைத்து ஈடு கட்ட இடம் விட்டு வரையுங்கள், அதன் அடர்த்தி 19.3. பழைய சட்டகம் மின்சாரத்தையும் கடத்திக்கொண்டிருந்தால், புதியதில் அதற்கு வயர் ஓடும் தடமும் வேண்டும்.

செய்த பாகத்தை விற்கலாமா, கோப்பைப் பகிரலாமா?

நீங்களே அளவெடுத்து வரைந்த கியரையும் மோட்டார் தொட்டிலையும் பகிருங்கள். அதே எஞ்சினோடு தவிக்கும் இன்னொருவருக்கு அது பெரிய உதவி. வேறொருவர் விற்கும் பாகத்தை வாங்கி மோல்டு எடுத்து விற்பது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள். இந்தப் பொழுதுபோக்குக்குப் பாகம் செய்து தருபவர்கள் பலர் தனி ஆட்கள். அந்தச் சிறு வருமானம் போனால் அவர்கள் நிறுத்திவிடுவார்கள்.

கோப்போடு சேர்த்து எழுதி வைக்க வேண்டியவை: எந்த எஞ்சின், எந்தத் தயாரிப்பு வரிசை, அளவெடுத்தது புதிய பாகத்திலா தேய்ந்ததிலா, எந்தப் பொருளில் செய்தது, துளைக்கு எவ்வளவு இடம் விட்டது. மாட்யூலும் பற்களின் எண்ணிக்கையும் இல்லாத கியர் கோப்பை அடுத்தவரால் சரிபார்க்கவே முடியாது.

பொருத்தியாயிற்று. எப்போது வண்டிகளை மாட்டி இழுக்கலாம்?

முதலில் மோட்டாரைப் பிரித்துவிட்டு, கையால் தள்ளிப் பாருங்கள். வார்ம் கியர் உள்ள எஞ்சினில் வார்மையும் கழற்றினால்தான் சக்கரம் சுழலும். எங்கும் பிடிக்காமல் சுழன்றால் மோட்டாரை இணைத்து, உடலை மூடாமல் பாதி வேகத்தில் அரை மணி நேரம் முன்னும், அரை மணி நேரம் பின்னும் ஓடவிடுங்கள். மோட்டாரை விரலால் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக் கூடாது. பிறகு கியர் பெட்டியைத் திறந்து பாருங்கள். எண்ணெயில் பிளாஸ்டிக் தூளோ பித்தளை மினுக்கமோ தெரிந்தால் கியர்கள் நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. மைய இடைவெளியை மறுபடி சரிபாருங்கள். எண்ணெய் சுத்தமாக இருந்தால் உடலை மூடி, இரண்டு வண்டிகளோடு தொடங்குங்கள்.